லயக் காம்பராவில் ஆறு பெட்டி: தோட்டத்துத் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்பிரிங்வெலி, தெமோதரை, நமுனுகுல, ஹொப்டன், மடுல்சீமை, பூனாகலை, அப்புத்தளை என்று ஊவாவின் தோட்டங்களில் பிறந்து, கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்து, தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ வீட்டுக்கு வரும்போது ஒரு ஹோம் தியேட்டர் செட்டையும் தூக்கிக்கொண்டு வருகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்த செட்டுகளைப் பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். லயக் காம்பராவில் நல்ல சத்தம் கேட்பதற்குப் பெரிய செட் தேவையில்லை, பெட்டிகள் சரியான இடத்தில் இருந்தால் போதும். இதைச் சொல்லத்தான் இந்த மடல். இடம் சரியாக அமைந்தால் வால்யூமைக் குறைத்து வைத்தே படத்தை முழுமையாக அனுபவிக்கலாம். இடம் பிழைத்தால் எவ்வளவு கூட்டினாலும் உங்களுக்குத் திருப்தி வராது, பக்கத்துக் காம்பராவுக்குத் தூக்கம் வராது.

போகிற வீடுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பார்க்கிறேன். பின்பக்கத்துச் சின்னப் பெட்டிகள் இரண்டும் தகரத்துக்கு அடியில், மூலைக்கொன்றாக ஆணியில் தொங்கும். சப் வூஃபர் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில், பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும். நடுவில் வைக்க வேண்டிய சென்டர் பெட்டி அலுமாரிக்கு மேலே துணி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும். சில வீடுகளில் அதற்கு வயரே போட்டிருக்க மாட்டார்கள். பிறகு, "பாட்டு அதிருது அண்ணே, பேசுறதுதான் வெளங்கல" என்பார்கள். சினிமாவில் பேச்சின் பெரும்பகுதி அந்த சென்டர் பெட்டியிலிருந்துதான் வருகிறது. அதை மூட்டைக்குப் பின்னால் போட்டால் எப்படி விளங்கும்? பேச்சைக் கேட்க வால்யூமைக் கூட்டுவார்கள். அடுத்து சண்டைக் காட்சி வரும். லயமே எழுந்து உட்காரும்.

செட்டோடு வருகிற புத்தகத்தில் ஒரு படம் போட்டிருப்பார்கள். அகலமான ஹால், நடுவில் சோபா, பின்னால் நிறைய இடம். நம் வீடு அப்படி இல்லை. பழைய லயக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. இரண்டு பக்கமும் வேறு வேறு குடும்பங்கள். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயமானால் பின்னாலும் ஒரு குடும்பம். பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதே இல்லை; சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை மாட்டினால் அது உங்களுக்குப் பாடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்குப் பாடிவிடும். அதனால் புத்தகத்தில் உள்ள படத்தை மறந்துவிட்டு, அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிற கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

5.1 என்றால் ஐந்து பெட்டியும் ஒரு சப்பும். முன்னால் இடது, நடு, வலது, சுற்றில் இரண்டு. இந்தச் சுற்றுப் பெட்டிகளை எல்லோரும் 'பின் பெட்டி' என்று சொல்லிச் சொல்லியே பின் மூலைக்குத் தள்ளிவிட்டோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை வேறு மாதிரிச் சொல்கிறது. கேட்கிறவர் நேராக டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் முன் பெட்டிகள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையில் இருக்க வேண்டும். சுற்றுப் பெட்டிகள் 100க்கும் 120க்கும் இடையில் இருக்க வேண்டும். பாகைக் கணக்கு வேண்டாமென்றால் டிவியைப் பார்த்து உட்கார்ந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். விரல் நுனி காட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், அவ்வளவுதான். அதாவது அவை பக்கப் பெட்டிகள். முதுகுக்கு நேர் பின்னால் அவற்றுக்கு வேலை இல்லை. நமக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் காம்பராவில் முதுகுக்குப் பின்னால் கட்டில்தான் இருக்கிறது.

இனி காம்பராவைத் திருப்பிப் போடுவோம். டிவியை முன்கதவுப் பக்கமோ குசினிப் பக்கமோ வைக்காமல், பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கிற சுவர்களில் ஒன்றின் முன்னால் வையுங்கள். எதிர்ப்பக்கப் பொதுச்சுவரோடு கட்டிலைச் சேர்த்துப் போடுங்கள். கட்டிலில் சாய்ந்தபடி பாயில் உட்கார்ந்தால் டிவிக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய 6 அடி. முன் பெட்டிகள் இரண்டுக்கும் நடுவில் 7 அடி விட்டால் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் உங்கள் காதுக்கும் 7 அடிதான் வரும். சமபக்க முக்கோணம். பாட்டுக்கும் படத்துக்கும் அந்த முக்கோணத்தை விட நல்ல அமைப்பு கிடையாது.

இப்படித் திருப்பினால் சுற்றுப் பெட்டிகள் இரண்டும் இஸ்தோப்புச் சுவருக்கும் குசினிச் சுவருக்கும் வந்துவிடும். இரட்டை லயம் அல்லாத வீடுகளில் அந்த இரண்டு சுவருக்கும் பின்னால் வேறு குடும்பம் இல்லை. இதற்காகத்தான் டிவியைத் திருப்பச் சொன்னேன். கதவு குறுக்கே வந்தால் கதவுநிலைக்குப் பக்கத்தில் ஒரு மரத்துண்டை நட்டு அதில் பெட்டியைப் பூட்டலாம். ஒரு அடி முன்னே பின்னே போனால் குடி முழுகிவிடாது. பொதுச்சுவரில் ஆணி அடிக்காமல் இருப்பதுதான் முக்கியம். டிவிப் பக்கத்துச் சின்னப் பெட்டிகளையும் அந்தச் சுவரில் பூட்டாமல், ஸ்டாண்டிலோ மேசையிலோ ஒரு அடி முன்னால் தள்ளி வையுங்கள். எதிர்ப்பக்கம் மெத்தையும், துணி நிறைந்த அலுமாரியும், கொடியில் தொங்கும் புடவைகளும் எதிரொலியைக் குடித்துக்கொள்ளும். வெறும் சிமெந்துச் சுவரில் பேச்சு கணீரென்று அடித்துத் திரும்புவதற்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

உயரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் பிழைப்பது இதில்தான். சுற்றுப் பெட்டி காதை விட ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். பத்துப் பேர் உட்கார்ந்தாலும் ஒருவர் தலை மற்றவருக்கு மறைக்காமல் இருக்க அந்த உயரம். புத்தகத்தில் உள்ள அளவு சோபாவில் உட்காருகிறவனுக்குப் போட்டது. நம் ஆட்கள் பாயில் உட்காருகிறார்கள். பாயில் உட்கார்ந்த அம்மாவின் காது தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடியில் இருக்கும். அப்படியானால் பெட்டி மூன்றரை, நான்கு அடியில் இருந்தால் போதும். தகரத்துக்கு அடியில் எட்டடி உயரத்தில் ஏற்றினால் மழைக் காட்சியில் மழை உங்களைச் சுற்றிப் பெய்யாது, பக்கத்து வீட்டில் பெய்யும்.

அடுத்தது தூரம். சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் போகும். ஒரு அடி போக ஒரு மில்லிசெக்கனுக்கும் கொஞ்சம் குறைவு. சுற்றுப் பெட்டி உங்களுக்கு 5 அடியிலும் முன் பெட்டி 7 அடியிலும் இருந்தால் சுற்றுச் சத்தம் முந்திக்கொள்ளும். முந்தி வருகிற சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் காது திரும்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949 இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஆனால் தோட்டத்தில் தப்புச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இது பழகிய விஷயம். மேட்டு லயத்தில் தப்பு அடித்தால் எதிர் மலையில் பட்டும் திரும்பி வரும், பள்ளத்தில் பட்டும் திரும்பி வரும். ஆனாலும் எந்த லயத்தில் அடிக்கிறார்கள் என்று யாரும் குழம்புவதில்லை. நேராக முதலில் வந்த சத்தத்தைக் காது பிடித்துக்கொள்கிறது. ஆகவே செட்டின் மெனுவில் 'டிஸ்டன்ஸ்' என்று இருந்தால் டேப்பால் அளந்து உண்மையான தூரத்தைப் போடுங்கள். அது இல்லாத செட்டில் சுற்றுப் பெட்டிகளின் அளவை மட்டும் இரண்டு மூன்று படி குறையுங்கள். படம் ஓடும்போது சுற்றுப் பெட்டி இருப்பதே தெரியாமல், அதை நிறுத்தினால் ஏதோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு.

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் செட்டுக்கு டிவியிலிருந்து வருவது எந்த வயர்? சிவப்பு, வெள்ளை இரண்டு முனை கொண்ட வயர் என்றால் அதில் வருவது இரண்டு தடச் சத்தம் மட்டும்தான். செட் அதையே பிரித்து ஐந்து பெட்டிக்கும் ஊற்றுகிறது. உண்மையான 5.1 வேண்டுமானால் ஆப்டிகல் வயரோ எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வழியோ வேண்டும், பென் டிரைவில் இருக்கிற படமும் 5.1 தடத்தோடு இருக்க வேண்டும். 1995 இல் வந்த 'குருதிப்புனல்' டொல்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியில் வந்தது, அதற்குப் பிறகு வந்த தமிழ்ப் படங்களில் சுற்றுச் சத்தத்துக்கென்று உழைத்த கலைஞர்கள் பலர். ஏ.ஆர். ரஹ்மானோடு பணியாற்றி 2008 இல் மறைந்த ஒலிப்பொறியியலாளர் எச். ஸ்ரீதர் அவர்களில் ஒருவர். அவர்கள் உழைப்பு நம் காதுக்கு வர வேண்டுமென்றால் வழி சரியாக இருக்க வேண்டும். ஆனால் ஆத்தா பார்க்கிற பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அவை ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. சரவுண்டை நிறுத்திவிட்டு முன் பெட்டிகளில் மட்டும் போட்டுக் கொடுங்கள். எதிரொலி இல்லாமல் பேச்சு தெளிவாகக் கேட்கும், ஆத்தா உங்களை வாழ்த்துவார்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 10,000 வாட்ஸ்' என்று போட்டிருப்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற எண்ணை. ஒரு சத்தம் காதுக்கு இரு மடங்காகத் தோன்ற மின்வலு பத்து மடங்கு வேண்டும். பெரிய எண்ணுக்காகக் கொடுக்கிற மேலதிகக் காசு கேட்காத சத்தத்துக்குக் கொடுப்பது. ஆனால் 12 அடியில் இருந்த காதை 6 அடிக்குக் கொண்டுவந்தால், பெட்டியிலிருந்து நேராக வருகிற சத்தம் 6 டெசிபல் கூடும். நான்கு மடங்கு வலுவுள்ள செட் வாங்கிய பலன் அது. செலவு இல்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடி 2021 இல்தான் அதைக் கண்ட அம்மாக்களின் பிள்ளைகள் நாம். தவணைக்குப் பெரிய செட் எடுப்பதற்கு முன் பாயை முன்னால் இழுத்துப் போட்டுப் பாருங்கள்.

இனி சப் வூஃபர். லயத்தில் சண்டை வருவது இதனால்தான்.

சின்னப் பெட்டிகளின் சத்தத்தைச் சுவரும் துணியும் ஓரளவு தடுக்கும். சப்பின் சத்தத்தைத் தடுக்க நம் சுவரால் முடியாது. 80 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை ஏறக்குறைய 14 அடி நீளம். காம்பராவே அதைவிடச் சின்னது. அந்த அலை சுவரையே அதிரவைத்து அந்தப் பக்கம் போய் நிற்கும். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதை இன்னும் ஊதிவிடும். தாழ்ந்த சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. ஆகவே சப்பை டிவிக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பொதுச்சுவர்களை விட்டு விலக்கி, இஸ்தோப்புச் சுவர்ப் பக்கம் யன்னலுக்குக் கீழே வையுங்கள். அடியில் பழைய டயர் ரப்பரோ தடித்த செருப்பு அடியோ நான்கு துண்டு வைத்தால் தரை வழியாக இறங்குகிற அதிர்வு குறையும்.

சில இடத்தில் சப் 'ஊம்' என்று ஊதும், சில இடத்தில் இருப்பதே தெரியாது. காம்பராவின் நீள அகலம்தான் காரணம். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் சுற்றிலும், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் சுற்றிலும் காற்று தானாகவே கூடிக் குலுங்கும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். சப்பைத் தூக்கி நீங்கள் உட்காருகிற இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சப்பை வைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் போய்க் குனிந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஊதாமல், குறையாமல், சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பைக் கொண்டுபோய் வையுங்கள். உலகம் முழுக்க இந்தத் தொழில் செய்கிறவர்கள் செய்வது இதுதான்.

ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை ஊவாவில் மழை. தகரத்தில் மழை அடிக்கும்போது எந்த செட்டாலும் அதை ஜெயிக்க முடியாது. மழைக்காகக் கூட்டிய வால்யூமை மழை விட்ட பிறகு குறைக்க மறந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டார் திட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மழை நாளில் சென்டரை மட்டும் இரண்டு மூன்று படி ஏற்றுங்கள், 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள். பெரிய சத்தம் அடங்கி, சின்னப் பேச்சு எழும்பும்.

இன்னொன்றை இங்கேயே சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. மலை இறங்குவதற்கு முன் சில வேளை தாழ்ந்த உருளல் சத்தம் கேட்கும், மரம் முறிகிற சத்தம் கேட்கும். சப்பின் முழக்கமும் அதே தாழ்ந்த சத்தம்தான். அது ஓடுகிற காம்பராவுக்குள் மலையின் சத்தம் கேட்காது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிற இரவுகளில் செட்டைத் தொடவே வேண்டாம். பக்கத்து வீட்டார் கூப்பிட்டால் கேட்க வேண்டும், நீங்கள் கூப்பிட்டால் அவர்களுக்குக் கேட்க வேண்டும்.

வயர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பீக்கர் வயரில் சிவப்பும் கறுப்பும் எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்; ஒன்றில் மாறினால் பேஸ் மெலிந்து, பாட்டு நடுவில் நிற்காமல் அலையும். வயரைப் பாய்க்கு அடியில் ஓட்டாமல் கதவுநிலைக்கு மேலாகக் கொண்டுபோங்கள். லயத்தின் கரண்ட் வயர் பழையது; ஒரே மல்டி பிளக்கில் டிவி, செட், ரைஸ் குக்கர், ஹீட்டர் எல்லாவற்றையும் சொருகாதீர்கள். மின் ஒழுக்கால் லயமே எரிந்தது என்ற செய்தியை எத்தனை தரம் படித்துவிட்டோம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் தொடங்கினால் பிளக்கையும் டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

இந்திய வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடு கிடைத்தவர்களுக்கு இந்தக் கவலையில் பாதி இல்லை. முக்கோணமும் உயரமும் தூரமும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஹாலைச் சுற்றிக் கதவுகள் இருப்பதால் சுற்றுப் பெட்டிக்கு ஸ்டாண்ட் நல்லது. ஆனால் லயத்தில் இருக்கிற எல்லோருக்கும் அந்த வீடு எப்போது வரும் என்று காத்திருந்துகொண்டே படம் பார்க்காமல் இருக்கச் சொல்லவும் என்னால் முடியாது. நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்து வந்த அம்மாவுக்கு, இரவில் ஒரு நல்ல பாட்டை நல்ல சத்தத்தில் கேட்கிற உரிமை இருக்கிறது. அதே உரிமை அடுத்த காம்பராவில் காலை பிரட்டுக்கு எழும்ப வேண்டிய அம்மாவின் தூக்கத்துக்கும் இருக்கிறது. சாதாரண தரம் எழுதுகிற, உயர்தரத்துக்குப் படித்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தனி அறை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், அதே 10க்கு 12 இல், ஒரு மூலையில் உட்கார்ந்து படிக்கிறது. உயர் நீதிமன்றம் 2007 இல் ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கூடாது என்று சொன்னது. விசேஷங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. திருவிழா ஒலிபெருக்கிக்கே அந்த எல்லை என்றால் காம்பராவுக்குள் இருக்கிற நமக்கு அதைவிட முந்திய எல்லை வேண்டும். என் யோசனை இரவு எட்டரை. அதற்குப் பிறகு சப்பை அணைத்துவிட்டு மற்ற ஐந்து பெட்டியில் மெதுவாகப் பாருங்கள். படம் கெட்டுப்போகாது.

செட்டைப் பூட்டி முடித்ததும் உங்களுக்குப் பிடித்த அளவில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குப் போங்கள். அந்த அக்காவிடம் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக் கட்டிலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே பாட்டின் வரிகள் விளங்கினால் வால்யூம் கூட. 'டும் டும்' மட்டும் வந்தால் சப் கூட. இரண்டையும் குறைத்து அந்த இடத்தில் ரிமோட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிய டிவிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். இந்தத் தீபாவளிக்கு வருகிறவர்கள் இதை மட்டுமாவது செய்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்து அண்ணன்